கிழிந்த தாளில் நடந்த குத்துச்சண்டை

கையை மடக்காக் கருணைக் கரமுடையாய்
பொய்யை மடக்கப் புகல்.

தைத் திங்கள், வளர்பிறைப் பஞ்சமியும் ரேவதியும் கூடிய நன்னாளாகிய இவ்வியாழக்கிழமையில், பேரா மாநிலத்து ஈப்போ நகரிலிருந்து எழுதுகிறேன். இன்று காலை வள்ளி என்னும் மூன்று வயதுப் பெண்மகவுக்குக் காது குத்தினார்கள். அச்சடங்கு நடக்குமோ நடவாதோ என்று பதினொரு நாள் ஒரு தாயைக் கலங்கவைத்த பிழை அடியேனுடையது. பிழைக்கு மூலமானவர்கள் அமெரிக்க நாட்டுக் குத்துச்சண்டை வீரர் இருவர். அவர்கள் அடியேனை அறியார், அக்குழந்தையையும் அறியார், ஒருவரோடொருவர் மோதியதும் இல்லை.

௧

இந்நாட்டுக்கு அடியேன் வந்து இருபத்திரண்டு தைப்பொங்கல் கடந்துவிட்டது. சுங்கை சிப்புட்டை அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் கிராணி வேலை பார்த்தேன். நம் ஊரில் கணக்கப்பிள்ளை என்போமே, அந்த வேலைதான். ஓய்வு பெற்றபின் ஈப்போவில் மகன் சோமசுந்தரத்தோடு இருக்கிறேன். விடியலில் குழாய் நீரில் நீராடி, நீறணிந்து, கோயிலுக்குப் போய்ப் பதிகம் ஓதித் திரும்பினால் பகல் முழுவதும் வெறுமையாகக் கிடக்கும். மகன் வெள்ளைக்காரர் கம்பெனியில் எழுத்தர். ஆங்கிலத்தில் கையெழுத்திடுகிறான், கால்பந்து ஆடுகிறான், நான் ஓதுவதை மரியாதையோடு கேட்கிறான், பொருள் கேட்டதில்லை. தமிழில் அவன் எழுதும் கடிதத்தை அடியேன்தான் ஊருக்கு அனுப்பும் முன் மறுபடி எழுதவேண்டியிருக்கிறது. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. பின்னால் அவன்தான் என் கண்ணைத் திறந்தான்.

ஊரில் இருந்தவரை மல்யுத்தம் நடக்கும் கோதாப் பக்கம் அடியேன் தலைவைத்ததில்லை. எண்ணெயும் மண்ணும் பூசிக்கொண்டு ஒருவனை ஒருவன் புரட்டுவதில் என்ன மேன்மை என்று இகழ்ந்ததும் உண்டு. இங்கு வந்து, அதுவும் முதுமையில், குத்துச்சண்டையை வியந்து பேசுவேன் என்று அன்று எவரேனும் சொல்லியிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பேன்.

வியப்பு இப்படித் தொடங்கியது. ஈப்போவில் ராவுத்தர் ஒருவரின் மளிகைக்கடை உண்டு. கடைவாசலில் நீளமான பலகை கிடக்கும். ஞாயிறு பிற்பகலில் தோட்டத்திலிருந்தும் ஈயச் சுரங்கத்திலிருந்தும் சாமான் வாங்க வருகிறவர்கள் அதில் அமர்வார்கள். மகன் கொண்டுவரும் ஆங்கிலப் பத்திரிகையை அடியேன் அங்கே தமிழில் சொல்வது வழக்கம். ஒருநாள் வேறு செய்தி இல்லாமையால் ஒரு குத்துச்சண்டை வருணனையைச் சொன்னேன். புராணம் சொல்லிப் பழகிய நாக்கு. வீரன் மேடை ஏறும் நடையையும், மணி அடித்ததும் கூட்டம் அடங்கிய அமைதியையும், விழுந்தவன் ஒரு முழங்காலை ஊன்றி எழ முயன்ற அழகையும் சொல்லச் சொல்ல என் குரலே தழதழத்தது. அடிபட்டு விழுந்தவனுக்கு எழுந்து நிற்கப் பத்து எண்ணும் நேரம் தருவார்களாம். அதுவரை அடித்தவன் விலகி நிற்கவேண்டுமாம். பகையின் நடுவே பத்து எண்ணும் பொறுமையை வைத்தவர்கள் யாராயினும் அவர்களை வணங்கத் தோன்றியது.

௨

கேட்டவர்களுள் இருவர் மற்ற எல்லோரையும்விட ஆழமாக அதில் விழுந்தார்கள். ஒருவன் சடையன். சுங்கை சிப்புட் தோட்டத்தில் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் வெட்டுகிறவன். அடியேன் கிராணியாக இருந்தபோதே எனக்குத் தெரிந்தவன். மற்றவன் மாரிமுத்து. ஈப்போவுக்கு வெளியே ஈயச் சுரங்கத்தில், மலையை நீர் பாய்ச்சிக் கரைக்கும் பெருங்குழாயைப் பிடிக்கிறவன். சடையனின் ஒரே தங்கை அஞ்சலையை மணந்தவன் இவன். வள்ளி இவர்களுடைய மகள். இருவரும் மாமன் மைத்துனர் என்பதைவிட நெருங்கிய நண்பர்கள் என்பதே பொருந்தும். ஞாயிறுதோறும் சடையன் ரயிலேறி வந்துவிடுவான்.

வாய்க்கு வராத அயல்நாட்டுப் பெயர்களைப் பலகை மாற்றிக்கொண்டது. சில ஆண்டுகளுக்கு முன் உலகத்தையே வென்று நின்ற நீக்ரோ வீரருக்குக் கருப்பர் என்று பெயர் வைத்தார்கள். தோட்டத்து எல்லையில் அரிவாளோடு நிற்கும் காவல் தெய்வத்தின் பெயர் அது. அன்போடும் அச்சத்தோடும்தான் வைத்தார்கள். இப்போது பட்டத்தை வைத்திருப்பவர் இளமையில் சுரங்கத்தில் கூலிவேலை செய்தவர் என்று பத்திரிகையில் வந்ததால் அவர் சுரங்கத்தார் ஆனார். கையுறையே அணியாமல் சண்டையிட்ட பழங்காலத்தவர் மீசைக்காரர். அவரைக் கால் அசைவாலேயே களைப்புறச் செய்து வென்றவர் முன்பு வங்கியில் எழுத்தராக இருந்தாராம். அவருக்குக் கிராணி என்று பெயரிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அடியேனும் உள்ளூர மகிழ்ந்தேன்.

மீசைக்காரரும் கிராணியும் பழங்கதை. வழக்கெல்லாம் கருப்பருக்கும் சுரங்கத்தாருக்கும்தான். ஒருவர் புகழ் உச்சியில் நின்றபோது மற்றவர் பேர் தெரியாத இளைஞர். இவர் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது ஏறிவிட்டது. இருவரையும் தத்தம் முழு வலிமையோடு ஒரே மேடையில் நிறுத்தினால் யார் வெல்வார்? நிறுத்த இயலாது என்பதுதான் அந்தக் கேள்வியின் சுவை.

சடையன் தன் தொழிலைக் கொண்டு வாதித்தான். பால் வெட்டுகிறவன் பலத்தைக் காட்டினால் கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கிவிடும். அந்த இடம் புண்ணாகி, முடிச்சு விழுந்து, பின்பு பாலே வராது. எவ்வளவு ஆழம் வேண்டுமோ அவ்வளவுதான் கை போகவேண்டும். கருப்பர் அப்படிப்பட்டவர் என்றான். எதிரி வீசுவதைத் தட்டிவிட்டு, சிரித்துக்கொண்டு, கூட்டத்தில் இருப்பவனோடு பேசிக்கொண்டு, ஒரு விரல் ஆழத்துக்கு ஒரு குத்து.

"அவரு அடிக்கிறதே தெரியாது மாப்ளே. காலையில வெட்டுனா பகலுக்குத்தான் கோப்பை நெறையும். ஒங்க ஆளு பத்தாவது சுத்துல, நமக்கு ஏன் கால் நிக்கமாட்டேங்குதுன்னு யோசிப்பான்" என்பான்.

மாரிமுத்து விடமாட்டான். அவன் பிடிக்கும் குழாயிலிருந்து பாயும் நீர் மலையைப் பார்த்து நின்று யோசிப்பதில்லை. குனிந்து அடிவாரத்தைக் குடையும். மேலே இருப்பது தானாகச் சரியும். சுரங்கத்தாரும் குனிந்து உள்ளே புகுந்துதான் அடிப்பார்; மணி அடித்த ஓசை அடங்குவதற்குள் எதிரி தரையில் இருப்பான்.

"ஒங்க கருப்பரு சிரிச்சுக்கிட்டு நிக்கட்டும் மச்சான். எத்தனை பல்லு இருக்குன்னு எங்காளு எண்ணிட்டு வந்துருவாருலா" என்பான்.

ராவுத்தர் மிளகாய் நிறுத்துக்கொண்டே இருபுறமும் நெய் வார்ப்பார். நடுவர் அடியேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: என் மனம் கருப்பர் பக்கம்தான் இருந்தது. தம் நிறத்தாருக்குப் பட்டத்துக்கான மேடையே மறுக்கப்பட்ட உலகில், வெறுக்கும் கூட்டத்தின் நடுவே தனியாக ஏறி, சிரித்த முகம் மாறாமல் நின்றாராம். துன்பம் செய்கிறவர் நடுவில் கலங்காது நின்ற அடியார்களைப் பற்றி ஐம்பது ஆண்டு ஓதியவன் அடியேன். அந்தச் சிரிப்பை எனக்கு வேறு எப்படிப் பார்க்கத் தெரியும்? சுரங்கத்தாரையும் குறைவாக எண்ணவில்லை. வறுமையில் கை காய்த்துக் காய்த்தே அந்தக் கை வச்சிரமானது என்று படித்தபோது கண் கலங்கியது. ஆயினும் தராசின் முள் ஒருபக்கம் சாய்ந்தேதான் இருந்தது.

ஒரு ஞாயிறு வாக்குவாதம் முற்றி, இருவரும் பந்தயம் கட்டினார்கள். என்றேனும் அவ்விருவரும் மோதினால், தோற்றவர் கட்சிக்காரன் மீசையை எடுத்துவிட வேண்டும். ராவுத்தரும் அடியேனும் சாட்சி. ஒருநாளும் நடவாத சண்டை. ஒருநாளும் போகாத மீசை. சிரித்துக்கொண்டே எழுந்து போனோம்.

௩

அடியேன் செய்த பிழையைப் புரிந்துகொள்ள, ஊரில் இளமையில் கற்ற ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் மடத்தில் பழைய ஏடுகளைப் பெயர்த்து எழுதும் பணி எனக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. செல்லரித்த ஓலையில் சீர்கள் உதிர்ந்துபோயிருக்கும். ஓசையைப் பார்த்து, பொருளைப் பார்த்து, விழுந்த சொல் இதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று நிரப்புவோம். அடியேன் அதில் வல்லவன் என்று பெயர் பெற்றிருந்தேன். வேறொரு பிரதி கிடைத்து ஒப்பிட்டபோது நான் நிரப்பியது அப்படியே இருந்ததும் உண்டு. அந்தப் பெருமை கடல் கடந்தும் என்னோடு வந்துவிட்டது.

இரு ஞாயிறுகளுக்கு முன், ராவுத்தர் கொத்தமல்லி பொட்டலம் கட்ட எடுத்த தாளில் குத்துச்சண்டை என்ற ஆங்கிலச் சொல் என் கண்ணில் பட்டது. வாங்கிப் பார்த்தேன். மேல்விளிம்பு இல்லை, வலப்புறம் பாதி கிழிந்திருந்தது. கருப்பரின் பெயர் தெளிவாக இருந்தது. வெள்ளையரின் நம்பிக்கையாக மேடையேறிய மாவீரரை அவர் சுற்றுக்குச் சுற்று தளரச்செய்து வீழ்த்தினார் என்று இருந்தது. வீழ்ந்தவர் பெயர் கிழிந்த பக்கத்தோடு போய்விட்டது.

வெள்ளையரின் நம்பிக்கை இன்று வேறு யார்? ஓசை பொருந்தியது, பொருளும் பொருந்தியது. கிழிந்த இடத்தில் சுரங்கத்தார் பெயரை அடியேனே நிரப்பிக்கொண்டேன்.

நிரப்பியதோடு நிற்கவில்லை. பலகையில் இருந்தவர்களை அழைத்து, "மோதிவிட்டார்கள்" என்றேன். பிறகு கால் மணி நேரம் வருணித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக எதையும் சொன்னதில்லை. வயது முதிர்ந்த கருப்பர், எல்லோரும் மறந்த பின்னர் மீண்டு வந்து, அதே சிரிப்போடு இளஞ்சிங்கத்தை எதிர்கொண்டதைச் சொல்லும்போது பால் வெட்டுகிறவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சடையன் துண்டை மேலே வீசிப் பிடித்தான்.

மாரிமுத்து மெல்ல எழுந்தான். தாளில் அப்படித்தான் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டான். அப்படித்தான் இருக்கிறது என்றேன். நேரே பக்கத்து முடிதிருத்தும் கடைக்குள் போனான். சடையன் அப்போதே அவனைத் தடுத்திருக்கலாம். விளையாட்டு வெறியில், கடை வாசலில் நின்று கைதட்டினான். "நல்லா வழிச்சி விடுங்கண்ணே, கருப்பருக்கு நேர்ந்துக்கிட்டது" என்று கடைக்காரருக்குச் சொல்லவும் செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். அடியேனும் சிரித்தேன்.

மீசை இல்லாத முகம் நம்மவரிடையே என்ன பொருள்படும் என்பது அந்தச் சிரிப்பில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தகப்பனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வருகிறவன்தானே மீசையை எடுக்கிறான். சுரங்கக் கூலிகள் சேர்ந்து குடியிருக்கும் கொங்சிவீட்டு வாசலில் மாரிமுத்து போய் நின்றதும், ஊரிலிருந்து கடிதம் வந்துவிட்டது, மாமனார் போய்விட்டார் என்று அஞ்சலை தரையில் விழுந்து அலறியிருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி எடுத்திருக்கிறார்கள். யாரும் சாகவில்லை, பந்தயத்தில் தோற்றேன் என்று அத்தனை பேர் நடுவில் அவன் சொல்லவேண்டி வந்தது. மறுநாள் சுரங்கத்துக் குழாயடியில் உடன் வேலை செய்கிறவர்கள், "ஒப்பன எப்ப எரிச்ச?" என்று கேட்டுச் சிரித்தார்களாம். ஊரில் கிழவர் உயிரோடு நல்லபடியாக இருக்கிறார். உயிரோடு இருப்பவருக்கு எடுத்த மீசை. அவமானத்தோடு அச்சமும் சேர்ந்துகொண்டது.

அன்றே சொல்லிவிட்டான்: தன் முகத்தைப் பார்த்துக் கைதட்டியவன் மடியில் தன் பிள்ளை உட்காரக் கூடாது.

௪

காதுகுத்து குறித்தாகிவிட்டது. நாள் பார்த்துக் கொடுத்தவனும் அடியேன்தான். தாய்மாமன் மடியில் அமர்த்தாமல் காது குத்துவது நம்மிடம் இல்லை. ஊரில் இருந்தால் இதனால் ஒன்றும் நின்றுபோகாது. ஒரு மாமன் முறுக்கிக்கொண்டால் பங்காளி வகையில், ஒன்றுவிட்ட வகையில் நான்கு மடி கிடைக்கும். இங்கே அஞ்சலைக்கு இருப்பது ஒரே அண்ணன். இந்தக் கடலுக்கு இப்பால் அந்தக் குழந்தைக்கு மாமன் மடி என்பது ஒன்றே ஒன்று.

அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவனை ஊரிலிருந்து வரவழைத்துவிடுகிறேன் என்று மாரிமுத்து சூளுரைத்தானாம். கிராணியாக இருந்த அடியேனுக்கு அது எத்தனை நீளமான வழி என்பது தெரியும். ஆள் சேர்க்கும் கங்காணியின் சீட்டு வேண்டும். கிராம அதிகாரி கையொப்பம் வேண்டும். துறைமுக முகாமில் காத்திருந்து, கப்பலேறி, பினாங்குக்கு எதிரே நோய்த்தடுப்புத் தீவில் மொட்டைத் தலையோடு நாட்களை எண்ணி, பின்பு ரயில். படிவங்கள் ஒழுங்காக நகர்ந்தால் குழந்தைக்கு அடுத்த வயது பிறந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மகன் சாப்பிட உட்கார்ந்தான். அன்று வீட்டுக்கு வாங்கிய மிளகாய்ப் பொட்டலத் தாளைக் கையில் எடுத்து ஏதோ படித்தான். படித்தவன் என்னைப் பார்த்தான்.

"அப்பா, நீங்க ஞாயித்துக்கெழமை கடையில சொன்ன சண்டை இதானே?"

அதே தாளின் மறுபாதி அது. தோற்றவர் பெயர் அதில் முழுமையாக இருந்தது. சுரங்கத்தார் அல்லர், அவருக்கும் முந்திய தலைமுறைச் சாம்பியன் ஒருவர், ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்டவர். மேல்விளிம்பில் ஆண்டும் இருந்தது. மகன் அதை விரலால் தொட்டுக் காட்டினான். அந்த ஆண்டில் அவன் அரைக்கால்சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். தோட்டத்துப் பெரிய துரை ஊருக்குப் போகும்போது பங்களாவில் பெட்டிகளுக்கு அடியில் விரித்திருந்த தாள்களையெல்லாம் கடைக்குப் போட்டுவிட்டார் என்று பின்னர் ராவுத்தர் சொன்னார்.

மகன் சிரிக்கவில்லை, அதுவே பெரிது. தாளை மடித்து என் பக்கம் வைத்துவிட்டு, "மாரிமுத்து அண்ணன்கிட்ட சொல்லிடுங்கப்பா" என்று மட்டும் சொன்னான்.

அடியேன் சொல்லவில்லை. இதை எழுதக் கை கூசுகிறது. எழுதாவிட்டால் இக்கட்டுரை இன்னொரு கிழிந்த தாள். புதன் போயிற்று, வியாழன், வெள்ளி, சனி போயின. ஒவ்வொரு காலையும் இறைவன் சந்நிதியில் பொய் பேசாத நாவை வேண்டிப் பதிகம் ஓதினேன். ஓதிவிட்டு வீட்டுக்கு வந்து அந்தத் தாளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். கிராணியய்யா படித்தால் சரியாக இருக்கும் என்று இருபத்திரண்டு ஆண்டு நம்பியவர்கள் முன் எப்படிப் போய் நிற்பது என்பதே கவலை. அடுத்த ஞாயிறு சடையன் வந்தான். மாரிமுத்து வரவில்லை. வென்றவன் முகத்தில் வென்ற களை இல்லை. குழந்தைக்கு வாங்கிய பட்டுப்பாவாடையைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தான். அப்போதும் வாய் திறக்கவில்லை.

௫

திங்கட்கிழமை பகலில் அஞ்சலை என் வீட்டுக்கு வந்தாள். ஈயம் கழுவும் வேலையிலிருந்து நேரே வந்திருந்தாள். சேலை ஓரத்தில் செம்மண் காய்ந்திருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கணவனிடம் பேசிப் பார்த்தாள், அண்ணனிடம் பேசிப் பார்த்தாள், முடியவில்லை. இருவரும் மதிப்பது என் வாக்கை மட்டும் என்றாள்.

"அய்யா, ஒங்க சாம்பியன் எங்கயோ செயிச்சிட்டுப் போய்ட்டாரு. நல்லா இருக்கட்டும். எம் புள்ளைக்கு இந்த நாட்டுல மடி ஒண்ணுதான் இருக்கு. அதையும் எடுத்துக்கிட்டா நான் எங்க போவேன்?"

உட்கார்ந்திருந்த நானே எழுந்து நின்றேன். பெட்டியைத் திறந்து தாளை எடுத்துக் காட்டினேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் வாயாலேயே சொன்னேன். சண்டை நடக்கவில்லை, நான் தவறாகப் படித்தேன், செவ்வாய் முதல் தெரிந்தும் மறைத்தேன். அவள் கோபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சேலை ஓரத்துச் செம்மண்ணைத் தட்டிவிட்டாள்.

"இத அவருகிட்ட சொல்றப்ப நானும் பக்கத்துல நிக்கிறேன்யா" என்றாள்.

தாயே, உன் கருணைக்கு எந்தப் பதிகம் ஓதுவேன்!

முதலில் முடிதிருத்தும் கடைக்குப் போனேன். பந்தயத்தில் உண்மையாகத் தோற்றவன் எவனோ அவன் மீசைதானே போகவேண்டும். நாற்பது ஆண்டு நரையேறிய மீசை. கடைக்காரர் கத்தியை வைத்துவிட்டு, ஊரில் யாருக்கு என்ன என்று தயங்கிக் கேட்டார். என் கர்வத்துக்கு என்றேன். அவருக்கு விளங்கவில்லை, ஆயினும் வழித்துவிட்டார்.

மாரிமுத்து குழாயடி வேலை முடித்து, ஈரத்தோடு கொங்சிவீட்டு வாசலில் நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய் ஓடிவந்தான். நான் தாளை நீட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்ததையும் சொன்னேன். சுற்றிலும் அவனைக் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்கும்படியே சொன்னேன். அவன் தன் மேலுதட்டைத் தடவிப் பார்த்தான். தினையளவு முளைத்திருந்தது.

"நீங்க எதுக்குய்யா எடுத்தீங்க? ஒங்களுக்கு இது அழகாவே இல்ல" என்றான். பிறகு, "தப்பாப் படிச்சது நீங்க. கைதட்டுனது அவன்லா. வரட்டும். அன்னிக்கிப் பாத்துக்கிறேன்" என்றான்.

அதற்குமேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

செவ்வாய் காலை ரயிலேறிச் சுங்கை சிப்புட் போனேன். பால் எடை போடும் கொட்டகையில் சடையன் வாளியோடு வரிசையில் நின்றிருந்தான். கேட்டு முடித்தவன் வாளியைக் கீழே வைத்தான். முதலில் அவன் கேட்டது என்ன தெரியுமா?

"அப்ப அவங்க ரெண்டு பேரும் இன்னும் மோதவே இல்லியா?"

மோதவில்லை, இனி மோதவும் வழியில்லை என்றேன். அவன் முகத்தில் ஒரு கணம் மகிழ்ச்சி வந்துபோனதைக் கண்டேன். வழக்கு மறுபடி உயிர்பெற்றதல்லவா. அடுத்த கணம் கைதட்டிய தன் இரு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரப்பர் பால் காய்ந்து விரலெல்லாம் வெள்ளையாக இருந்தது.

௬

இன்று காலை, சுரங்கத்தை ஒட்டிய முனீசுவரர் சந்நிதியில் ஆசாரி தங்க ஊசியோடு உட்கார்ந்திருந்தார். அஞ்சலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாதையையே பார்த்தாள். மாரிமுத்து சந்நிதிப் படியில் கைகட்டி நின்றான்.

சடையன் வந்தான். தலையில் சீர்த்தட்டு, பழம், பாவாடை, காப்பரிசி. முகத்தில் மீசை இல்லை. அறியாத விருந்தாளி ஒருவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்து, ஒரே நாளில் மூன்று சாவா என்று ராவுத்தரிடம் மெதுவாக விசாரித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மாரிமுத்து தன் மைத்துனனின் வெற்று உதட்டைப் பார்த்தான். அவனோடு பேசவில்லை. சுவரோரம் சாய்த்திருந்த பாயை எடுத்து, உதறி, ஆசாரிக்கு எதிரே மாமன் உட்காரும் இடத்தில் தன் கையாலேயே விரித்தான்.

அஞ்சலை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் கூடிவந்தது என்று எண்ணினேன். அப்போது குழந்தை முரண்டு பிடித்தது.

"இது மாமன் இல்ல" என்றது.

மீசை இல்லாத முகத்தை அது அறியவில்லை. மடியில் வைத்ததும் வீறிட்டு இறங்கிவிட்டது. வாழைப்பழம் காட்டினார்கள், வெல்லம் காட்டினார்கள். நல்ல நேரம் நகர்ந்துகொண்டிருந்தது. மாமன் மடியை அப்பன் கொடுத்துவிட்டான், பிள்ளை ஏற்கவில்லை.

சடையன் பாயிலிருந்து எழுந்தான். இடக்கையை நீட்டி, வலக்கையை மார்போடு மடக்கி, தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து, பல் தெரியச் சிரித்தான். கருப்பர் நின்ற நிலை. நான் படித்துச் சொன்னதை வைத்து அவன் தானாகக் கற்பித்துக்கொண்டது. ஒவ்வொரு ஞாயிறும் வள்ளிக்கு அவன் காட்டும் விளையாட்டு என்று அப்போதுதான் அறிந்தேன். அழுகை நின்றது. குழந்தை இரண்டு கையையும் முட்டி பிடித்து, முதுகை வளைத்து, சுரங்கத்தாரைப் போல அவனை நோக்கி நடந்தது. இதைக் கற்பித்தவன் எவன் என்று கேட்க வேண்டியதில்லை. படியில் நின்றவன் வேறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மாமன்" என்று சொல்லி அது தானாகவே மடியில் ஏறி அமர்ந்தது.

ஆசாரி கைகாரர். முதல் காது குத்தியது குழந்தைக்குத் தெரியவே இல்லை. இரண்டாவது தெரிந்துவிட்டது. ஊசி வெளியே வந்ததும் ஒரு கணம் மூச்சடக்கி, தன்னை ஏமாற்றியவனைத் திரும்பிப் பார்த்து, மடக்கிய முட்டியால் மாமனின் வெறும் மேலுதட்டில் ஒரு குத்து விட்டது. நல்ல குத்து. உதட்டில் இரத்தம் துளிர்த்தது.

சடையன் குழந்தையை அஞ்சலை கையில் கொடுத்துவிட்டு, அப்படியே பாயில் மல்லாந்து சாய்ந்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

மாரிமுத்து படியிலிருந்து இறங்கி வந்து, அவன் தலைமாட்டில் ஒரு முழங்காலை ஊன்றி, கையை ஓங்கி இறக்கினான்.

"ஒண்ணு" என்றான்.

பதினொரு நாளுக்குப் பின் அவன் மைத்துனனிடம் பேசிய முதற்சொல் அது. ரெண்டு, மூணு என்று எண்ணிக்கொண்டே போனான். எட்டு வந்தபோது குரல் உடைந்தது. ராவுத்தரும் கூட்டமும் சேர்ந்துகொண்டு ஒன்பது என்றார்கள், பத்து என்றார்கள். சடையன் எழவில்லை. மாரிமுத்துதான் அவன் இரு கைகளையும் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

சாப்பாட்டுப் பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். பாயசம் வருவதற்குள், குத்தியது யாருடைய பாணி என்ற வழக்குத் தொடங்கிவிட்டது. நடுவராக என்னை அழைத்தார்கள். கண்ணால் கண்டதை மட்டும் சொல்கிறேன் என்று கூறி, குழந்தையின் கையை உயர்த்திப் பிடித்தேன்.

இதைப் படிக்கும் அன்பர் யாவருக்கும் விழுந்தால் எழப் பத்து எண்ணும் பொழுது வாய்க்கட்டும். எண்ணி முடித்த பின்னும் தூக்கிவிட ஒரு கை வாய்க்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு, எந்தக் கடலுக்கு அப்பால் இருந்தாலும், உட்கார ஒரு மடி இருக்கட்டும். கையை மடக்காத அந்தக் கருணைக் கரம் உங்கள் தலைமேல் என்றும் விரிந்திருப்பதாக.